மாயவன் சாகாத நாலு வருசம்

பருத்தி எடுப்புக்கு ஆண்டாயியைக் கூப்பிட்டா வருவா. ஆனா ஒரு பேச்சை முன்னாடியே பேசிடுவா. "மாசத்துல ரெண்டாஞ் செவ்வா மட்டும் நான் வர மாட்டேன், அன்னிக்கு வேற ஆளு பாத்துக்குங்க." காடு பூரா வெடிச்சு வெள்ளையாக் கெடந்தாலும் சரி, மேகம் கறுத்துக்கிட்டு வந்தாலும் சரி, அந்த ஒரு நாள் அவ காட்டுல கால் வைக்க மாட்டா. ஊர்ல எல்லாருக்கும் காரணம் தெரியும். ரெண்டாஞ் செவ்வா ஜெயில்ல அவ வூட்டுக்காரனை மனு போட்டுப் பாக்குற நாள்.

எங்க ஊரு வேப்பந்தட்டைக்கு மேக்க, பச்சைமலை தெரியுற தூரத்துல இருக்கு. மானாவாரி பூமி. மழை பேஞ்சா பருத்தி, சோளம், மல்லி. பேயலன்னா வாய்ப்பேச்சுதான் வெளையும். நான் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தேன். பேரு தர்மன். ஊர்ல பாதிப் பேருக்கு அந்தப் பேரே தெரியாது, கம்பவுண்டரு கம்பவுண்டருன்னுதான் கூப்பிடுவாங்க. புள்ளைக்குக் காய்ச்சல்னாலும் என்கிட்ட வருவாங்க, மாடு கழிஞ்சாலும் என்கிட்ட வருவாங்க. நானும் பெரிய டாக்டர் கணக்கா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு ஏதாச்சும் யோசனை சொல்லி அனுப்புவேன். அந்தத் திமிர்ல சொன்ன ஒரு யோசனை என்ன பண்ணுச்சுன்னுதான் சொல்ல வர்றேன்.

ஆண்டாயி வூட்டுக்காரன் பேரு அரியமுத்து. எங்க பக்கத்து வூடு. நல்ல உழைப்பாளி. எழுபத்தஞ்சுல, மூணாவது வருசமா மழை ஏமாத்துன கோடையில, அவனும் அவங்கப்பன் மாயவனும் கெணத்தை இன்னும் ரெண்டு ஆள் ஆழத்துக்கு வெட்டுனாங்க. பாறைதான் வந்துச்சு. அதுக்கப்பறம் அவனுக்குத் தூக்கம் போச்சு. ஒரு மாசம் போல சோறும் இல்லாம தூக்கமும் இல்லாம தானாப் பேசிக்கிட்டுத் திரிஞ்சான். மணியக்காரர் வூட்டுச் சோளத்தட்டைப் போருக்குள்ள நாலு பேர் உக்காந்துக்கிட்டு தன்னைப் பத்திப் பேசுறாங்கன்னு சொன்னான். நாங்க சிரிச்சோம், வேறென்ன பண்ணோம்? ஒரு நாள் உச்சி வெயில்ல போயி போருல தீக்குச்சியைக் கிழிச்சுப் போட்டுட்டான். காத்து நெருப்பைக் கொண்டுபோயி மாட்டுக்கொட்டாயில சேத்துடுச்சு. ஒரு ஜோடி மாடு செத்துப்போச்சு. மனுச உசுரு போவல, அந்த மட்டுக்கும் சாமி காப்பாத்துச்சு.

போலீஸ் வந்து புடிச்சுக்கிட்டுப் போனாங்க. கோர்ட்டுல, இவனுக்குப் புத்தி சரியில்ல, தெளிஞ்ச பொறவு கேஸை விசாரிச்சுக்கலாம், அதுவரைக்கும் ஜெயில்லயே வச்சிருங்கன்னு உத்தரவு போட்டாங்க. சரி. தெளிஞ்சிருச்சான்னு பாக்குறது யார் வேலை? அதை யாரும் சொல்லல. எட்டு வருசம் ஓடிப்போச்சு! கொலை பண்ணவனுக்குக்கூட இன்ன வருசம் வெளிய வருவேன்னு ஒரு கணக்கு உண்டு. இவனுக்கு அதுவும் கெடையாது. எந்த ஊரு ஜெயிலுன்னு கேக்காதீங்க, சொன்னா இன்னிக்கும் நாலு பேரு என்மேல பாய்வாங்க.

மனு பாக்குறதுன்னா ஆற அமர உக்காந்து பேசுறதுன்னு நெனைச்சுக்காதீங்க. இந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, அந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, நடுவுல ஒரு ஆள் போற சந்து. ஒரே நேரத்துல முப்பது நாப்பது பேரு தொண்டை கிழியக் கத்துவாங்க. பத்து நிமிசத்துல மணி அடிச்சுடுவான்.

"அந்த சத்தத்துல என்னம்மா பேசுவீங்க?"ன்னு ஒரு தடவ ஆண்டாயிகிட்ட கேட்டேன். அவ மடியில இருந்த பருத்தியைச் சாக்குல கொட்டிக்கிட்டே சொன்னா.

"நான்தாண்ணே கத்துவேன். அவரு வலையைப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. நல்லா இருக்கீங்களான்னா 'உம்'பாரு. சாப்புட்டீங்களான்னா 'உம்'பாரு. மாட்டைப் பூட்டித் தண்ணி எறைக்கக் கவலை ஓட்டையில கெணத்து மேட்டுலேர்ந்து கூப்புடுவாரே, மடையத் திருப்பு புள்ளேன்னு, நாலு காட்டுக்குக் கேக்குமே? அந்தக் கொரலை ஒரு தடவ கேட்டாப் போதும்ணே. வேறென்ன இருக்கு எனக்கு? வெத்து 'உம்'மைக் கேட்டுட்டு பஸ் ஏறி வர்றேன்."

இத்தனைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. நான் அவளுக்குச் சாக்கு வாயை விரிச்சுப் புடிச்சேன்.

எழுபத்தெட்டு ஐப்பசியில மாயவன் வயித்துவலின்னு படுத்தாரு, மூணாம் நாள் போயிட்டாரு. ஒத்தைப் புள்ளை ஜெயில்ல. பங்காளி மவன் ஒருத்தன் கொள்ளி வச்சான். காரியம் முடிஞ்ச அன்னிக்கு ஆண்டாயி எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னா.

"அண்ணே, வர்ற செவ்வா போவணும். மாமா செத்ததை அவருகிட்ட சொல்லணுமா, வேணாமா?"

நான் அப்ப கடலை உரிச்சுக்கிட்டு இருந்தேன். நிமுந்துகூடப் பாக்காம, "சொல்லவே சொல்லாத"ன்னேன். "மூளை கலங்குனவனுக்குச் சாவு சேதி போனா அடியோட போயிடும். தெளிஞ்சு வர்றவனை நீயே கெடுத்துடாத."

"கேட்டாருன்னா?"

"நல்லா இருக்காருன்னு சொல்லு. அவ்வளவுதான்."

எந்தப் புஸ்தகத்துல படிச்சேன்? ஒண்ணுத்துலயும் இல்ல. நோயாளிகிட்டயும் ஜெயில்ல இருக்குறவன்கிட்டயும் சாவு சொல்லக்கூடாதுன்னு எங்க ஊர்ல ஒரு பழக்கம், அதையே நான் வைத்தியம் மாதிரி சொல்லிட்டேன்.

ஆண்டாயி ஒரு காரியத்தை எடுத்தா ஏனோதானோன்னு செய்ய மாட்டா. பொய்யும் அப்படித்தான். 'மாமா நல்லா இருக்காரு'ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட மாட்டா. "நேத்து மாமாதான் இந்தக் கடலையை வறுக்கச் சொன்னாரு, உங்களுக்குன்னு பொறுக்கு மணியா எடுத்து வச்சாரு"ம்பா. அப்பன் இருந்தா மாடு இருக்கணும்ல? மாயவன் செத்த மறு மாசமே மாட்டை வித்தாச்சு. அதையும் நிக்குதுன்னு சொன்னா. மாடு இருந்தா கவலை ஓட்டணும், கவலை ஓட்டக் கெணத்துல தண்ணி வேணும். தண்ணி கெடக்குதுன்னு சொன்னா. இப்படி மாசத்துக்கு ஒண்ணாச் சேந்து, செத்துப்போன மாயவன் அவ வாயில நாலு வருசத்துக்கு மேல நல்லா வெத்தலை போட்டுக்கிட்டு உசுரோட இருந்தாரு.

எடையில, மாயவன் செத்து மூணாம் மாசமே, அவ அண்ணன் ராசாங்கம் குரும்பலூர்லேர்ந்து வந்தான். எங்க சனத்துல அறுத்துக் கட்டுறது உண்டு. பஞ்சாயத்துல பேசித் தீத்துட்டு வேற கல்யாணம் பண்ணிக்கலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. ராசாங்கம் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வச்சுட்டுத்தான் வந்தான். ஊரெல்லாம் சொல்லிட்டும் வந்தான், தங்கச்சிக்கு வேற எடம் முடிவாயிடுச்சுன்னு. ஆண்டாயி வெளக்குமாத்தை எடுத்துட்டா. அவன் செருப்பைக்கூட மாட்டாம ஓடுனதை நான் என் கண்ணால பாத்தேன். அதுக்கப்பறம் அண்ணன் தங்கச்சி பேச்சுவார்த்தை கெடையாது.

எம்பத்து மூணு மாசியில, ஜெயில்ல புத்தி சுவாதீனம் இல்லாதவங்களை எப்படி வச்சுப் பாக்குறாங்க, வைத்தியம் ஒழுங்கா நடக்குதான்னு பாக்க சர்க்கார்ல ஒரு கமிட்டி போட்டாங்க. ரிட்டயர் ஆன ஜட்ஜய்யா ஒருத்தரு, மெட்ராஸ்லேர்ந்து மனநல டாக்டரம்மா ஒருத்தங்க. மருந்து ரிஜிஸ்டரைச் சரிபாக்க ஒரு கம்பவுண்டர் வேணும்னு எழுதிக் கேட்டாங்க. எங்க ஆஸ்பத்திரியில யாரும் போவல, நான் போறேன்னு கையைத் தூக்கிட்டேன். தெளிஞ்சவங்கன்னு தெரிஞ்சா, வூட்டு ஆளு பொறுப்பு எழுதிக் குடுத்தா அனுப்பிடலாம்னு கமிட்டி சிபாரிசு பண்ணும். கமிட்டி சொன்னா கோர்ட்டு கேக்கும். இந்த ஒரு நாள் விட்டா இன்னொரு கமிட்டி எப்ப வருமோ, யாரு கண்டா?

முதல் பஸ்சுக்கு ஆண்டாயியையும் கூட்டிக்கிட்டுப் போனேன். மவ பூங்காவனத்தை எதுத்த வூட்டுப் பாப்பாயிகிட்ட விட்டுட்டு வந்திருந்தா. மஞ்சப்பையில புது வேட்டி ஒண்ணு இருந்துச்சு.

"இது எதுக்கு?"

"வெளிய வந்தா ஜெயில் துணியோடவா பஸ் ஏறுவாரு?"

"இன்னிக்கே விட மாட்டாங்க ஆண்டாயி. இன்னிக்கு எழுதுவாங்க, அவ்வளவுதான். ஆர்டர் வர மாசக்கணக்காவும்."

"இருக்கட்டும்ணே. கையில இருந்தா கெட்டாபோயிடும்?"

பெரம்பலூர் தாண்டுற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தா. வந்த உடனே என்ன சோறு ஆக்கணும், கொட்டாயை எந்தப் பக்கம் பிரிச்சு மேயணும், பூங்காவனம் அப்பான்னு கூப்புட வெக்கப்படுவாளே, அதுக்கு என்ன பண்றது. அப்பறம் திடீர்னு பேச்சு நின்னுபோச்சு. சன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு வெளிய பாத்துக்கிட்டே, "அவரு மறுபடி என்கூட இருக்கணும்ணே, அவ்வளவுதான்"ன்னா. நான் டிக்கெட்டைத் தேடுற மாதிரி பையைத் துழாவுனேன்.

ஜெயில் வாசல்ல ஒரு புளியமரம். அதுங்கீழ அவளை உக்கார வச்சுட்டு நான் உள்ள போனேன்.

உள்ள ஒரே சுண்ணாம்பு வாடை. முந்தின நாள்தான் அடிச்சிருக்கான், கை வச்சா ஒட்டுது. கிறுக்கு பிளாக்குன்னு கைதிங்க சொல்ற எடத்துல நாப்பத்தோரு பேரு. நாப்பத்தோரு பேரும் செவத்தோரமா வரிசையா உக்காந்திருந்தாங்க. ஒருத்தன்கூட அசையல. எல்லாருக்கும் புதுப் பாய். டாக்டரம்மா குனிஞ்சு ஒரு பாயைத் திருப்பிப் பாத்தாங்க. கடைக்காரன் போட்ட மை நம்பரு அழியாம இருந்துச்சு.

"எல்லாரும் ரொம்ப அமைதியா இருக்காங்க மேடம்"ன்னாரு ஜெயிலரு.

"அமைதியா இருக்காங்களா, மயங்கிக் கெடக்காங்களா?"ன்னாங்க டாக்டரம்மா. ஒல்லியான அம்மா, பருத்திப் புடவை, குரல் மட்டும் கணீர்னு இருக்கும். என்னைத் திரும்பிப் பாத்து, "தர்மன், ரிஜிஸ்டர் என்ன சொல்லுது?"ன்னாங்க.

நான் ரிஜிஸ்டரைப் புரட்டி முடிச்சிருந்தேன். நாப்பத்தோரு பேருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு, காலையில ஒண்ணு சாயந்தரம் ரெண்டு. நோஞ்சானுக்கும் அதான், தடியனுக்கும் அதான். ஒரு மாசக் கையெழுத்தையும் ஒரே நாள்ல உக்காந்து போட்டிருக்கான், மை நெறம்கூட மாறல.

"இத்தனை வருசத்துல யாருக்காவது அளவைக் கூட்டிக் கொறைச்சிருக்காங்களா?"

"கொறைச்சதில்லம்மா. கலாட்டா பண்ணா ஊசி. அது மட்டும் கூடியிருக்கு."

"நோயாளி என்ன சொன்னாருன்னு எழுதியிருக்கா?"

"அதுக்குக் கட்டமே போடலம்மா."

அந்தம்மா மூச்சை இழுத்து விட்டாங்க. ஜெயிலரு கர்ச்சீப்பால கழுத்தைத் தொடைச்சுக்கிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. நல்லா வேணும்னு நெனைச்சேன்.

அப்பறம் ஒவ்வொருத்தரா ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டுப் பேசுனாங்க. ஏழாவது ஆளா அரியமுத்து வந்தான். எட்டு வருசத்துக்கப்பறம் கம்பி வலை இல்லாம அன்னிக்குத்தான் அவனைப் பாக்குறேன். தலை பாதி நரைச்சுப்போச்சு. என்னைப் பாத்தான், அடையாளம் தெரிஞ்சுக்கிட்டான், ஆனா காட்டிக்கல. எடத்தைப் பாத்து நடந்துக்குற புத்தி அவனுக்கு இருந்துச்சு. தெளிஞ்சுட்டான்டான்னு மனசுக்குள்ள கும்புட்டுக்கிட்டேன்.

டாக்டரம்மா பேரு கேட்டாங்க, ஊரு கேட்டாங்க, என்ன மாசம்னு கேட்டாங்க. "மாசிங்க. ரெண்டாம் எடுப்பு பருத்தி எடுப்பாங்க இப்ப"ன்னான். அந்தம்மாவுக்கு மொகம் மலந்துச்சு. தட்டைப்போரு பத்திக் கேட்டாங்க. "அப்ப எனக்குக் கேட்டுச்சுங்க. இப்ப கேக்கல. வாயில்லாச் சீவன் ரெண்டு போயிடுச்சு, அது இன்னும் மனசுல கெடக்கு"ன்னான். ஜட்ஜய்யாகூட பேனாவை எடுத்துட்டாரு.

"அப்பா அம்மா இருக்காங்களா?"

"அம்மா நான் சின்னப்புள்ளையில போயிட்டாங்க. எங்கப்பா நல்லா இருக்காரு."

டாக்டரம்மா முன்னாடி இருந்த தாளைப் பாத்தாங்க. தாசில்தார் ஆபீஸ்லேர்ந்து வூட்டு நெலவரம் விசாரிச்சு அனுப்புன அறிக்கை அது.

"அப்பா பேரு மாயவன்தானே? உறுதியா உசுரோட இருக்காரா?"

"ஆமாங்க. ரெண்டு மாடு நிக்குது. கெணத்துலயும் தண்ணி இருக்குங்க. அப்பாதான் பாத்துக்குறாரு."

அந்தம்மா பேனாவைத் தாள்ல வச்சு மெதுவா எழுதுனாங்க. பக்கத்துல நின்ன எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. இறந்த தகப்பனார் உயிருடன் இருப்பதாகவும், இல்லாத சொத்துகள் இருப்பதாகவும் உறுதியாக நம்புகிறார். அனுப்ப இயலாது. எழுதி முடிச்சுட்டு, "சரி, நீங்க போலாம்"னாங்க. அவன் கும்புட்டுட்டுப் போயிட்டான்.

அப்பவே வாயைத் தொறந்திருக்கணும். தொறக்கல. வேலைக்கு ஏதாச்சும் வந்துடுமோன்னு ஒரு பயம். தூ, என்ன பொழப்பு! மத்தியானம் ஜெயில்ல எங்களுக்குக் கறிக்கொழம்பு ஊத்துனாங்க. ஒரு வாய் எறங்கல. எலையை மூடிட்டுப் போயி டாக்டரம்மா முன்னாடி நின்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அந்தம்மா கைகூடக் கழுவாம உக்காந்து கேட்டாங்க.

"அப்ப அவரு சொன்னது அவரு நோயில்ல. நீங்க சொல்லிக் குடுத்தது."

"ஆமாம்மா."

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா."

"ஒரு மனுசனுக்கு அவன் அப்பன் செத்ததைச் சொல்லலாமா வேணாமான்னு முடிவு பண்ண நீங்க யாரு?"

நான் யாருமில்லம்மான்னேன்.

"இப்பவும் ஒண்ணு இருக்கு"ன்னாங்க. "நீங்க சொல்றதை மட்டும் வச்சு நான் மாத்தி எழுத முடியாது. ஊருக்குப் போனா மொத நாளே தெரிஞ்சுடும். அதை அவரு தாங்குவாரான்னு நான் பாக்கணும். அவரு சம்சாரத்தை வரச் சொல்லுங்க. என் முன்னாடி அவங்களே சொல்லட்டும்."

புளியமரத்தடிக்குப் போனேன். ஆண்டாயி என்னைப் பாத்ததும் எந்திரிச்சுட்டா.

"எழுதிட்டாங்களாண்ணே?"

சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவ மொகம் வெளிறிப்போச்சு.

"நீதானேண்ணே சொல்ல வேணாம்ன?"

"நான்தான். புத்தியில்லாமச் சொல்லிட்டேன்."

"மாசாமாசம் வாய் வலிக்க வலிக்கச் சொன்னனே. கைப்புள்ளையை இடுப்புல வச்சிருக்குற மாதிரி மாமாவைத் தூக்கிக்கிட்டு வந்து வந்து காமிச்சனே. அதுவா அவரை உள்ள வச்சிருச்சு?"

"இன்னும் முடிஞ்சுபோவல. வந்து உண்மையைச் சொல்லிடு."

"சொன்னா? அங்கயே பொட்டுன்னு போயிட்டாருன்னா? பழையபடி ஆயிட்டாருன்னா?" அவ என் கையைப் புடிச்சு உலுக்குனா. "எதிரவாச்சும் நின்னுக்கிட்டு இருக்காருண்ணே. வலைக்கு அந்தாண்டையாவது நிக்கிறாரு. அதையும் நானே கெடுத்துக்கவா?"

"சொல்லலன்னா கடைசி வரைக்கும் வலைக்கு அந்தாண்டைதான்."

ஆண்டாயி என் கையை விட்டா. அப்பறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, "வா"ன்னு முன்னாடி நடந்தா.

அரியமுத்துவை மறுபடி கூட்டியாந்தாங்க. பெஞ்சாதியைப் பாத்ததும் வாசப்படியிலயே நின்னுட்டான். எட்டு வருசம் வலை இல்லாம பாக்கலையே. ஜெயிலரு என் காதுகிட்ட குனிஞ்சு, "ஊசியைத் தயாரா வச்சுக்கய்யா, இவன் ஒரு தடவ பெரிய ரகளை பண்ணவன்"னாரு. வார்டரு ரெண்டு பேரு வாசலை மறைச்சுக்கிட்டு நின்னாங்க. நான் ஊசியில மருந்தை ஏத்துனேன்.

ஆண்டாயி வாயைத் தொறந்தா, வார்த்தை வரல. ரெண்டு தடவ மூணு தடவ பாத்தா. அப்பறம் அப்படியே தரையில உக்காந்தா. காலை நீட்டி, முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு, அந்த ஜட்ஜு முன்னாடி, ஜெயிலரு முன்னாடி, எங்க ஊர்ல சாவு வூட்டுல உக்காந்து சொல்லுவாங்களே அந்த ராகத்துல ஆரம்பிச்சுட்டா. "என்னைப் பெத்த மாமா, ஐப்பசி அடமழையில போனீங்களே, ஒத்தைப் புள்ளை கையால கொள்ளி வாங்காமப் போனீங்களே..."

வேற எப்படிச் சொல்லுவா? சாவை எங்க பொம்பளைங்களுக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும்.

அரியமுத்து ரெண்டு எட்டு வச்சு வந்தான். அவ பக்கத்துல குந்துனான். தோள்ல கெடந்த துண்டை எடுத்து மடியில போட்டுக்கிட்டு அழுதான். ரகளை ஒண்ணும் இல்ல. அப்பனைப் பறிகொடுத்த எல்லாரும் எப்படி அழுவாங்களோ அப்படித்தான் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவ ராகத்தை நிறுத்தல, அவனும் நிறுத்தல.

"மேடம், ஆரம்பிச்சுட்டான். ஊசி போடச் சொல்லுங்க"ன்னாரு ஜெயிலரு.

"வேணாம்"ன்னாங்க டாக்டரம்மா. "அழட்டும்."

"மேடம்..."

"அப்பா செத்தா நீங்க அழ மாட்டீங்களா சார்?"

நான் ஊசியைத் தட்டுல வச்சேன். எனக்கும் கண்ணு மறைச்சுச்சு. மாயவன் செத்த அன்னிக்குக்கூட நான் அழல.

கொஞ்ச நேரம் போயி அரியமுத்து மூக்கைச் சிந்தித் துண்டால மொகத்தைத் தொடைச்சுக்கிட்டான். டாக்டரம்மாவைப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டு, "ஐப்பசி அமாவாசைக்கு மக்யா நாளுங்க எங்கப்பா செத்தது"ன்னான்.

ஆண்டாயி முந்தானையை வெலக்கிட்டு அவனையே பாத்தா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்து ஊர் ஆளு ஒருத்தன் சாராயக் கேஸ்ல வந்தான்ங்க, அப்பா செத்ததுக்கு அடுத்த மாசியில. அவன் சொன்னான். மாடு வித்ததும் அவன்தான் சொன்னான். நான் மொட்டை அடிச்சுக்கணும்னு கேட்டேன். பதினாறு நாள் ஒருவேளைச் சோறு போதும்னேன். இவங்க விடல."

டாக்டரம்மா அந்த வருசத்து ரிஜிஸ்டரை எடுக்கச் சொன்னாங்க. நான்தான் தேடிப் படிச்சேன். காரணமில்லாமல் அழுகை. உணவு மறுப்பு. தலையை மழிக்கச் சொல்லிக் கலாட்டா. தனி அறை, இருபது நாள். தினசரி ஊசி.

"ஏன் அழுவுறன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

ஜெயிலரு வார்டரைப் பாத்தாரு. வார்டரு தரையைப் பாத்தான்.

"அதான் ரெண்டு மாசம் மனு இல்லன்னு என்னைத் திருப்பி விட்டீங்களா?"ன்னா ஆண்டாயி.

டாக்டரம்மா அரியமுத்துகிட்ட மெதுவாக் கேட்டாங்க. "தெரிஞ்சிருந்தும் காலையில அப்பா நல்லா இருக்காருன்னு சொன்னீங்களே, ஏன்?"

"இவ அப்படித்தானேங்க சொல்லிக்கிட்டு வர்றா. இவ்வளவு செரமப்பட்டு ஒரு மனுசனை உசுரோட வச்சிருக்கா. நான் செத்துட்டாருன்னு சொன்னா அவ பொய் சொன்னதா ஆயிடுமே. சர்க்கார் எடத்துல அவளுக்கு ஏதாச்சும் வந்துடும்னு பயந்தேங்க."

டாக்டரம்மா காலையில எழுதுன தாளை எடுத்துக் கிழிச்சாங்க. ஜட்ஜய்யா என்னைப் பாத்து, "பொறுப்புப் பத்திரம் எழுதுப்பா, மனைவி பேர்ல"ன்னாரு. நான் வெள்ளைத் தாளும் மைப்பெட்டியும் எடுத்து மேசையில வச்சுக்கிட்டு உக்காந்தேன்.

"அரியமுத்து, வூட்டுக்குப் போறீங்களா?"ன்னாங்க டாக்டரம்மா.

அவன் தரையைப் பாத்துக்கிட்டு நின்னான்.

"உங்களைத்தான் கேக்குறேன். எட்டு வருசத்துல என்னை விடுங்கன்னு நீங்க ஒரு தடவகூடக் கேக்கல. ஏன்?"

"அந்தச் சாராயக் கேஸ் ஆளு இன்னொண்ணும் சொன்னான்ங்க." குரல் உள்ள போயிடுச்சு. "இவ அண்ணன் இவளுக்கு வேற எடத்துல பேசி முடிச்சுட்டான்னு சொன்னான். இவ ஒண்ணும் சொல்லல. எங்கப்பா இருக்காருன்னா, இல்ல. மாடு நிக்குதுன்னா, இல்ல. கெணத்துல தண்ணின்னா, அதுவும் இல்ல. உங்களுக்காவத்தான் இருக்கேன்னு மாசாமாசம் சொல்றா. அதையும் கேட்டுக்கிட்டேன். தோண்டித் துருவிக் கேட்டு, அதுவும் இல்லன்னுட்டா? கேக்காம இருந்தா மாசத்துக்கு ஒருதரமாவது வருவாள்லங்க."

ஆண்டாயி எந்திரிச்சா. திட்டப்போறான்னு நெனைச்சேன், அழப்போறான்னு நெனைச்சேன். அவ ரெண்டும் பண்ணல. நேரா என் மேசைக்கு வந்தா.

"எங்கண்ணே கைநாட்டு வைக்கணும்?"

"இரு ஆண்டாயி, நான் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதல. எழுதி, உனக்குப் படிச்சுக் காட்டி, அப்பறம்தான் வைக்கணும்."

"நீ எழுதுறதும் வேணாம், நான் சொல்றதும் வேணாம். சொன்னதெல்லாம் போதும்."

மைப்பெட்டியில கட்டை வெரலை அழுத்துனா. அந்த வெள்ளைத் தாளை இழுத்து, அடியில ஒரே அமுக்கு. தாள் மேசையோட ஒட்டிக்கிச்சு.

"மேல என்ன வேணாலும் எழுதிக்குங்க சார்"ன்னு ஜட்ஜய்யாவைப் பாத்துச் சொன்னா. "எம் மனுசனைக் குடுங்க."

ஒண்ணும் எழுதாத அந்தத் தாளை அரியமுத்து எட்டிப் பாத்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ரொம்ப நேரம் பாத்தான். அப்பறம் டாக்டரம்மா பக்கம் திரும்பி, "வூட்டுக்குப் போறேங்க"ன்னான்.